இறாலா, நண்டா, சிப்பியா: முதல் தடவை எதில் கை வைப்பது?

கடல் உணவு சமைக்கப் பழகப்போகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "இறாலில் ஆரம்பி, அதுதான் சுலபம்" என்று எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நான் நாமக்கல் பக்கம். முட்டைக்கும் கோழிக்கும் பேர்போன ஊர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். வேலைக்குச் சென்னை வந்து, மாமியார் வீடு குமரிக் கடற்கரையில் குளச்சல் என்று அமைந்த பிறகுதான் இந்த ஓடு போர்த்திய கூட்டம் என் அடுப்படிக்குள் நுழைந்தது.

முதல் தடவை அரைக் கிலோ இறால் வாங்கி, ஏதோ ஒரு வீடியோவில் சொன்னபடி, "தண்ணீர் வற்றும் வரை" மூடி போட்டு வேகவிட்டேன். பதினைந்து நிமிடம் ஆயிற்று. சட்டியில் போட்டது இரண்டு கை நிறைய. மூடியைத் திறந்தபோது ஒரு கைக்குக்கூட இல்லை. ஒவ்வொன்றும் குழாய்க்குப் போடும் வாஷர் அளவுக்குச் சுருண்டிருந்தது, கடித்தாலும் கிட்டத்தட்ட அதே பதம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, தயிரை எடுத்து ஊற்றிக்கொண்டாள்.

அடுத்த மாதம் மாமியார் வந்திருந்தபோது நண்டு ரசம் வைத்தார். அடுப்பில் ஏற்றிவிட்டுப் பக்கத்து வீட்டில் பேசப் போனவர் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார். ரசத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை, நண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து என் கணக்கு மாறிவிட்டது. இறால் சுத்தம் செய்யச் சுலபம், சமைக்கச் சிரமம். நண்டு சுத்தம் செய்யச் சிரமம், சமைக்கச் சுலபம். அந்தச் சிரமத்தையும் கடைக்காரரே செய்து கொடுத்துவிடுவார் என்றால், புதிதாகச் சமைப்பவர் எதில் ஆரம்பிக்க வேண்டும்? நான் நண்டு என்பேன். ஆனால் எல்லாருக்கும் இல்லை. யாருக்கு எது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஆட்டுக்கறி வேக வேகப் பூவாகும். அதில் இருக்கும் விறைப்பான இணைப்புத் திசு நேரம் ஆக ஆகக் கரைந்து இளகும். இறாலில் அப்படிக் கரைய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே 60 டிகிரியைத் தாண்டிச் சூடு ஏறினால் வேலை முடிந்தது. பாதுகாப்பாக வெந்ததற்கு அளவாகச் சொல்லப்படுவதும் 63 டிகிரிதான். அதற்குப் பிறகு அடுப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஈரத்துணியைப் பிழிவது மாதிரி. சதையிலிருந்து தண்ணீர் வெளியேறும், சட்டியில் தண்ணீர் சேரும். "இன்னும் தண்ணீர் இருக்கிறதே, வற்றட்டும்" என்று நாம் நிற்போம். வற்றுவது இறாலின் சாறுதான். நண்டுக்கு ஓடு இருக்கிறது, சுற்றிலும் குழம்பு இருக்கிறது. சதை நேரடியாகச் சூட்டில் மாட்டுவதில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். இருபது நிமிடம் கொதித்தாலும் சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் நாராகத்தான் போகும். ஆனால் அவ்வளவு மறதி உள்ளவர் சோறும் வடிக்க மாட்டார்.

இறால்: மூன்று நிமிடத்தில் ஜெயிப்பதும் தோற்பதும்

இறாலை விட்டுத்தள்ளச் சொல்லவில்லை. வேலை முடிந்து ஏழரை மணிக்கு வீட்டுக்கு வருகிறவருக்கு அதைவிடச் சீக்கிரம் முடிகிற அசைவம் கிடையாது. எதை வாங்குவது, எப்போது சட்டியில் போடுவது என்ற இரண்டும் தெரிந்தால் போதும்.

சந்தையில் இறாலைக் "கவுண்ட்" கணக்கில் பேசுவார்கள். கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்பதுதான் கவுண்ட். முப்பது கவுண்ட் என்றால் பெரிது, நூறு கவுண்ட் என்றால் பொடி. பொடி இறால் விலை குறைவு என்று புதியவர்கள் அதில் போய் விழுவார்கள். உரிக்க ஒரு மணி நேரம், சுருங்க ஒரு நிமிடம். பெரிய இறால் என்றால் விலை கையைக் கடிக்கும், கெடுத்துவிட்டால் அந்த மாதம் முழுக்க மனசு ஆறாது. நாற்பது, ஐம்பது கவுண்டில் வாங்குங்கள். தலையோடு ஒரு கிலோ வாங்கினால் உரித்த பிறகு அரைக் கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். ஆக, கிலோ 400 ரூபாய் என்று விலை பேசினால், நாம் தின்னும் சதைக்குக் கிட்டத்தட்ட 800 ரூபாய் கொடுக்கிறோம் என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தொட்டவுடன் கழன்று ஆடினால் நாளாகிவிட்டது. தலையிலும் ஓட்டு ஓரத்திலும் கறுப்பு ஏறியிருந்தாலும் அப்படித்தான். அது மட்டுமே கெட்டுப்போனதற்கு அடையாளமில்லை, வெட்டிய வாழைக்காய் கறுப்பது போல ஒன்றுதான். ஆனால் புத்தம் புதிது இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். மூக்கைச் சுளிக்கவைக்கும் நவச்சார நெடி வந்தால் பேரம் பேசவே வேண்டாம், நடையைக் கட்டுங்கள்.

கடல் இறால், பண்ணை இறால் என்ற கேள்வி கட்டாயம் வரும். இப்போது பண்ணையில் வளர்வது பெரும்பாலும் வனாமி. பசிபிக் பெருங்கடலின் அமெரிக்கக் கரைப்பக்கத்து இனம். இங்கே வளர்க்க 2009இல்தான் அனுமதி கிடைத்தது. ருசியில் கடல் இறாலுக்கு ஒரு படி கீழே என்றுதான் என் நாக்கு சொல்கிறது. ஆனால் பழகுகிறவருக்கு வனாமியில் ஒரு வசதி: எல்லாம் ஒரே அளவில் இருக்கும், ஒரே நேரத்தில் வேகும். கடல் இறாலில் விரல் நீளமும் நகக்கண் அளவும் கலந்து கிடக்கும். அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் நாட்டுப்படகில் வருவது போக மீதியெல்லாம் பண்ணைச் சரக்காகவோ ஐஸ் சரக்காகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது "கடல் இறால்" என்று கிலோவுக்கு நூறு ரூபாய் கூடச் சொன்னால் ஒரு தடவை யோசியுங்கள்.

நான் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டு மீன் அங்காடியில் ஒரே அக்காவிடம்தான் வாங்குவேன். "உரிச்சிடவா தம்பி?" என்பார். "ஓடு இருக்கட்டும்க்கா, தலைய மட்டும் எடுத்துத் தனிக் கவர்ல போட்டுக் குடுங்க" என்பேன். முதல் நாள் அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. தலையை எதற்குக் கேட்கிறேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

குடலை எடுப்பது பலர் நினைப்பது போல முதுகைக் கீறும் வேலை இல்லை. இறாலை விரலுக்கிடையில் வளைத்துப் பிடித்தால் ஓட்டின் கணுக்களுக்கு நடுவே இடைவெளி விரியும். தலைப்பக்கமிருந்து இரண்டாவது இடைவெளியில் ஒரு பல்குத்தும் குச்சியை நுழைத்து மெல்ல மேலே தூக்கினால், கறுப்பு நூல் மாதிரி முழுசாக வந்துவிடும். அறுந்தால் அடுத்த கணுவில் ஒரு முயற்சி. ஓடு அப்படியே இருக்கும். அது இருக்க வேண்டும், ஏனென்றால் புதியவருக்கு நான் சொல்லும் முதல் இறால் சமையல் ஓட்டோடுதான்.

அகலமான சட்டி. அதில் ஒரு கரண்டி நல்லெண்ணெய், தட்டிய பூண்டு நாலைந்து பல், கறிவேப்பிலை. மஞ்சள், உப்பு, கரகரப்பாகப் பொடித்த மிளகு பிரட்டிய இறாலை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, தீயைக் கூட்டி வைத்து, பக்கத்துக்கு இரண்டு நிமிடம். முடிந்தது. பார்த்துக்கொண்டே இருங்கள்: சாம்பல் நிறக் கண்ணாடி மாதிரி இருந்த ஓடு ஓரத்திலிருந்து செம்மை ஏறிவரும். அந்தச் சிவப்பு புதிதாக உண்டாவதில்லை. அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி பச்சை இறாலில் ஒரு புரதத்தோடு பின்னிக்கொண்டு சாம்பலாகத் தெரிகிறது. சூட்டில் அந்தப் புரதம் குலைந்ததும் சொந்த நிறம் வெளியே வருகிறது. ஓடு சிவந்துவிட்டது என்பதற்காக உள்ளே வெந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தடிமனான இடத்தில் கண்ணாடித்தன்மை போய் வெள்ளையாகியிருக்கிறதா என்று பாருங்கள். வடிவத்தையும் பாருங்கள். பிறை போல வளைந்தால் வெந்தது. வளையல் போல முட்டிக்கொண்டால் போனது.

தொக்கு, குழம்பு என்று போகிறவர்கள் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்: இறால் கடைசியில். சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி, மிளகாய்த்தூள் எல்லாம் பச்சை வாசனை போய் எண்ணெய் பிரிந்து, உப்புப் புளி சரி பார்த்து, அப்படியே சாப்பிடலாம் என்கிற நிலைக்கு வந்த பிறகு இறாலைப் போடுங்கள். நடுவளவு இறாலுக்கு மூன்று நிமிடம், பொடிக்கு ஒன்றரை. அடுப்பை அணைத்த பிறகும் சட்டிச் சூட்டில் வெந்துகொண்டேதான் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். தண்ணீர் விட்டுவிட்டதா? இறாலைக் கரண்டியால் அள்ளித் தட்டில் வையுங்கள், மசாலாவை மட்டும் வற்றவிடுங்கள், திரும்பச் சேருங்கள். இந்த ஒரு யோசனையை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் எனக்கு வாஷர் தொக்கு வாய்த்திருக்காது.

இறால் பிரியாணி இப்போதைக்கு வேண்டாம். அரிசிக்கு ஒரு நேரம், இறாலுக்கு ஒரு நேரம், தம்முக்கு ஒரு நேரம். மூன்றையும் ஒரே அண்டாவில் சமாளிப்பது பழகிய கைக்கே பரீட்சை.

உறைந்த பாக்கெட் இறால் பற்றி இரண்டு வரி. மோசமில்லை, நான் வைத்திருப்பேன். உறைந்திருந்தும் சாம்பல் நிறமாக இருப்பதை வாங்குங்கள். ஏற்கெனவே சிவப்பாக இருந்தால் ஒரு தடவை வேகவைத்தது, நம் சட்டியில் இரண்டாவது தடவை வெந்து மரக்கட்டையாகும். முதல் நாள் இரவே பிரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். மேலே மூடியிருக்கும் பனிப்படலத்துக்கும் சேர்த்துத்தான் பாக்கெட் கனமாகத் தெரியும். உள்ளே இறால் மட்டும் எவ்வளவு என்று அட்டையில் தேடிப் படியுங்கள்.

நண்டு: பயம் கையில்தான், அடுப்பில் இல்லை

நண்டைக் கண்டு மிரள்வதற்குக் காரணம் அதன் கொடுக்கு. உண்மையில் கடையில் நாம் வாங்கும் கடல் நண்டு பெரும்பாலும் உயிரோடு இருப்பதில்லை. வலையிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், ஐஸில்தான் கரைக்கு வரும். நீல நண்டு (ஆண் மட்டும்தான் பளிச்சென்ற நீலம், பெண் மங்கிய பச்சை பழுப்பு), முதுகில் மூன்று பொட்டு வைத்த முக்கண் நண்டு, சிலுவை அடையாளம் போட்ட சிலுவை நண்டு எல்லாம் இந்த வகை. பழவேற்காடு, பிச்சாவரம் மாதிரி முகத்துவாரச் சேற்றில் கிடைக்கும் களி நண்டுதான் கயிற்றால் கட்டி, உயிரோடு, முறைத்துக்கொண்டே வரும். ருசிக்கு அதுதான் ராஜா. ஆனால் முதல் தடவைக்கு அது வேண்டாம். உயிரோடு இருப்பதை வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன செய்வது என்று தெரியாமல் பக்கெட்டில் போட்டுவிட்டு, ராத்திரி அது குளியலறையில் ஊர்ந்த கதை எங்கள் அபார்ட்மெண்டில் உண்டு.

கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். அடிவயிற்றை அழுத்தினால் உள்ளே போகக் கூடாது. பொக்காக இருந்தால் அண்மையில் ஓடு கழற்றிய நண்டு; உள்ளே தண்ணீர்தான். அமாவாசையை ஒட்டி வாங்கு, பௌர்ணமிக்கு வாங்காதே என்பார் மாமியார். காலண்டரை விட என் விரலைத்தான் நான் நம்புகிறேன், ஆனால் அவர் எதிரே அதைச் சொல்வதில்லை.

சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள், செய்து தருவார்கள். இருந்தாலும் ஒரு தடவை நீங்களே செய்து பார்ப்பது நல்லது. அப்புறம் பயம் விட்டுப்போகும். நண்டைக் குப்புறத் திருப்பினால் அடிவயிற்றில் ஒரு மடிப்புத் தகடு தெரியும். ஒல்லியாகக் கூராக இருந்தால் ஆண், அகலமாக வளைந்திருந்தால் பெண். அதை நகத்தால் நெம்பித் தூக்கி, பிய்த்து எறிந்துவிட்டு, அந்தப் பிளவில் கட்டைவிரலை விட்டு மேல் ஓட்டை இழுத்தால் டப்பா மூடி மாதிரி கழன்று வரும். உள்ளே இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் இறகு இறகாக இருப்பது செவுள். பஞ்சு என்பார்கள். அதை முழுக்க எடுத்துவிட வேண்டும். வாய்ப் பக்கம் இருக்கும் சின்னப் பையையும் கிள்ளி எறியுங்கள். மஞ்சளாகக் கூழ்போல இருப்பது ஈரல், சிலருக்கு உயிர், சிலருக்கு ஆகாது. ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக இருந்தால் சினை. தூக்கிப் போட்டால் வீட்டில் சண்டை வரும். ஓடும் தண்ணீரில் ஒரு அலசு, அவ்வளவுதான். ஊறப்போட்டால் ருசியெல்லாம் தண்ணீரோடு போகும். இரண்டாக உடைத்து, கொடுக்கை மட்டும் குழவியால் ஒரு தட்டுத் தட்டிக் கீறல் விட்டுக்கொள்ளுங்கள்.

இனி சமையல். ரசம், குழம்பு, மிளகு வறுவல் என்ற மூன்றில் ரசத்துக்குத்தான் என் ஓட்டு. அரைக் கிலோ சிறிய நண்டு. மெல்லிய கால்களை மட்டும் தனியாக எடுத்து, மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒன்று, பூண்டு ஆறேழு பல்லோடு அம்மியில் நசுக்குங்கள். மிக்ஸியில் என்றால் விட்டு விட்டு இரண்டு சுற்று. அதில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டி வையுங்கள். ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட வந்துவிடக் கூடாது, தொண்டையில் நிற்கும். சட்டியில் எண்ணெய், சோம்பு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இரண்டு தக்காளி, மஞ்சள். தக்காளி குழைந்ததும் நண்டு, வடித்த சாறு, இன்னும் மூன்று டம்ளர் தண்ணீர், நெல்லிக்காயில் பாதி அளவு புளி, உப்பு. மூடி போட்டுப் பதினைந்து நிமிடம் மிதமான தீ. மல்லித்தழை. போன் வந்தால் போய்ப் பேசிவிட்டு வரலாம்.

குழம்பும் இதே அளவுக்குச் சுலபம்தான், தேங்காய் அரைக்கும் வேலை மட்டும் கூட. யாழ்ப்பாணத்து நண்டுக் கறியில் இறக்கும்போது ஒரு கைப்பிடி முருங்கை இலை போடுவார்கள். அதை நம் குழம்பிலும் செய்து பார்த்தேன், அதற்குப் பிறகு விடவில்லை. மிளகு வறுவல் மட்டும் கொஞ்சம் காத்திருக்கட்டும். அதில் தண்ணீர் இல்லை. மசாலா அடிபிடிக்கும் நேரமும் நண்டு வேகும் நேரமும் ஒத்துவர வேண்டும். முதலில் கால் டம்ளர் தண்ணீரில் மூடி வைத்து எட்டு நிமிடம் வேகவைத்து, பிறகு வறுக்கிற தைரியம் ரசம் நாலு தடவை வைத்த பிறகு தானாக வரும்.

நண்டின் குறை எங்கே என்றால், ஒன்று சதை. கிலோவுக்கு முந்நூறு கிராம் தேறினால் அதிர்ஷ்டம். கிலோ 400 ரூபாய் நண்டும் 400 ரூபாய் இறாலும் ஒன்றல்ல. நாலு பேருக்கு வயிறு நிறைய வேண்டுமென்றால் நண்டை நம்பி அரிசியைக் குறைக்காதீர்கள். இன்னொன்று, தின்பதற்கு நேரம் வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுவரும் விருந்தாளிக்கும், பத்து நிமிடத்தில் கிளம்புகிறேன் என்பவருக்கும் நண்டு வைப்பது இரண்டு பேருக்கும் தண்டனை.

சிப்பி: வெந்ததும் தானே வாய் திறக்கும்

சென்னையில் சிப்பி என்றால் முத்தும் கிளிஞ்சலும் ஞாபகம் வரும். குமரி மாவட்டத்தில் சிப்பி என்றால் பாறையில் ஒட்டி வளரும், கறுப்பும் பச்சையுமாக விரல் நீளத்தில் இருக்கும் அந்தத் தின்பண்டம்தான், மலையாளத்தில் கல்லும்மக்காய. மூழ்கிப்போய்ப் பாறையிலிருந்து சுரண்டி எடுத்து வருவார்கள். கிடைக்கும் ஊரில் இருக்கிறீர்கள் என்றால், மேலே சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிட்டு இதில் ஆரம்பிக்கலாம். வெந்ததா இல்லையா என்ற கேள்வியே கிடையாது.

குளச்சலில் மாமியார் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஓட்டை அவர்கள் தோடு என்பார்கள். ஒன்றோடொன்று உரசிக் கழுவி, சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் பானையில் போட்டு மூடி, தீயை ஏற்றினார். அதன் தண்ணீரே அதற்குப் போதும். நாலு நிமிடம் இருக்கும், உள்ளிருந்து டக் டக்கென்று சத்தம். மூடியைத் தூக்கினால் ஒவ்வொன்றாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது. "தோடு தொறந்தா போதும் மக்ளே, பெறவு தீ வேண்டாம்" என்று இறக்கிவிட்டார். சதையை வழித்தெடுத்து, நார் மாதிரி இருக்கும் தாடியையும் நடுவில் இருக்கும் கறுப்பையும் கிள்ளிப் போட்டு, மிளகாய்த்தூளும் தேங்காய்ச் சில்லும் சேர்த்து ஒரு பிரட்டு. மரச்சீனிக் கிழங்கோடு (மரவள்ளிதான்) சாப்பிட்ட அந்த மத்தியானத்தை விவரித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

இரண்டு எச்சரிக்கை. அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே வாய் திறந்து கிடப்பதைத் தட்டிப் பாருங்கள். மூடிக்கொள்ளவில்லை என்றால் செத்தது, எறிந்துவிட வேண்டும். அடுத்தது இடம். சிப்பியும், மணலில் புதைந்து கிடக்கும் அதன் உறவான மட்டியும் மணிக்கு லிட்டர் கணக்கில் தண்ணீரை வடிகட்டித் தின்று வாழ்பவை. அந்தத் தண்ணீரில் இருக்கும் அழுக்கும் அவற்றின் உடம்பில் சேரும். ஈயம், பாதரசம் போன்றவை கொதிக்கவைப்பதால் போகாது. கூவம், அடையாறு, எண்ணூர் முகத்துவாரங்களில் அள்ளிய மட்டி என்று தெரிந்தால் நான் தொட மாட்டேன். எண்ணூரில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியது பலருக்கு நினைவிருக்கும். எங்கே எடுத்தது என்று விற்பவருக்குச் சொல்லத் தெரியவில்லையென்றால் வேண்டாம், அவ்வளவுதான். நல்ல இடத்து மட்டி கிடைத்தால், லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு கரைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டுவையுங்கள். உள்ளே இருக்கும் மணலைத் துப்பிவிடும். இல்லையென்றால் பல்லில் நறநறக்கும்.

கணவாயைச் சிலர் மீன் என்று நினைக்கிறார்கள். சிப்பிக்குச் சொந்தக்காரன்தான், ஓட்டை உள்ளே போட்டுக்கொண்டிருக்கிறான். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று வெள்ளையாக விற்கிறதே, அது கணவாய் ஓடு. இதற்கு விதி வினோதமானது: இரண்டு நிமிடம் அல்லது நாற்பது நிமிடம். நடுவில் எங்கே நிறுத்தினாலும் சைக்கிள் டியூப். இறாலில் கை பழகிய பிறகு வாருங்கள். சிங்கி இறாலை (லாப்ஸ்டர்) விலை கேட்டுவிட்டு நானே இன்னும் வாங்கவில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

இவ்வளவு படித்தும் பயமாக இருக்கிறவர்களுக்கு ஒரு பொருள் இருக்கிறது: சென்னாக்குன்னி. கருவாட்டுக் கடையில் இளஞ்சிவப்பில் தூசி மாதிரி குவித்து வைத்திருப்பார்களே, அந்தக் காய்ந்த கூனி இறால்தான். உரிக்க வேண்டாம், குடல் எடுக்க வேண்டாம், ஐஸ் வேண்டாம். முறத்தில் புடைத்து, மணல் போகச் சல்லடையில் சலித்து, வெறும் சட்டியில் மொறுமொறுப்பாகும் வரை வறுத்து, காய்ந்த மிளகாய், பூண்டு, தேங்காய், புளி வைத்து அரைத்தால் துவையல். பழைய சோற்றுக்கு இதற்கு நிகர் எதுவும் இல்லை. ஹாஸ்டலில், தனி அறையில், ஒரே ஒரு இண்டக்ஷன் அடுப்போடு இருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதல் இடம் இதற்குத்தான் கொடுப்பேன். பக்கத்து அறைக்காரர் சைவமா என்று மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், வாசனை சுவரைத் தாண்டும்.

விருந்துக்கு வைப்பதாக இருந்தால் கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: யாருக்காவது ஒத்துக்கொள்ளாதா? மீன் சாப்பிடுகிறவருக்கு இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது, இரண்டும் வேறு வேறு ஒவ்வாமை. அதைக் கிளப்பும் புரதம் நன்றாக வேகவைத்தாலும் போகாது. உதடு தடித்தது, தொண்டை அரித்தது என்று முன்பு நடந்திருந்தால் "ஒரே ஒரு துண்டு" என்று வற்புறுத்தாதீர்கள். ஒரே கரண்டியை மற்றக் குழம்பிலும் போடாதீர்கள்.

ஆக, சுத்தம் செய்து தரும் கடை பக்கத்தில் இருந்து, ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் சாப்பிட நேரமும் இருந்தால் நண்டு ரசம். வார நாள், இரண்டு பேர், இருபது நிமிடம் என்றால் ஓட்டோடு இறால், கையில் கடிகாரத்தோடு. குமரிக்காரர்கள் என் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

அந்த இறால் தலைகள். இரண்டு கரண்டி எண்ணெயில் தலையையும், உரித்த ஓடு இருந்தால் அதையும் போட்டு, சிவந்து மணம் வரும் வரை வதக்குங்கள். கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கினால் எண்ணெய் ஆரஞ்சு நிறமாகும். மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினால் கிடைக்கும் தண்ணீரை மறுநாள் முருங்கைக்காய்க் குழம்பில் ஊற்றுங்கள். துண்டு இறால் இல்லாமலே இறால் குழம்பு. இதை முதல் தடவை அக்காவிடம் சொன்னபோது, "அப்போ இவ்ளோ நாளா நான் தூக்கிப் போட்டதுக்கெல்லாம் காசு குடு" என்றார்.

வடிகட்டியதில் மிஞ்சிய சக்கையையும் நண்டு ஓட்டையும் குப்பைத் தொட்டியில் நேராகப் போட்டால் காலைக்குள் மாடிப்படி முழுக்க நாறும். செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, கவரில் கட்டி, பிரீசரில் ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். காலையில் குப்பை வண்டி மணி அடிக்கும்போது எடுத்துக்கொண்டு ஓடினால் போதும்.